அரை நொடி முன்னே

நல்வாழ்வு நகரில் எல்லாமே தாமதம்தான். தண்ணீர் லாரி நாள்கணக்கில் தாமதம், லிஃப்ட் மாதக்கணக்கில் தாமதம். அதையாவது சண்டை போட்டுக் கேட்கலாம். நான் சொல்ல வந்தது இணையத்தில் வைத்திருக்கும் அரை நொடி தாமதத்தைப் பற்றி. அதைக் கண்ணால் பார்க்க முடியாது. கேட்டால் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்பார்கள்.

நகரத்தின் மொத்த இணையத்தையும் ஒரே கம்பெனி குத்தகைக்கு எடுத்த வருடத்தில் இது வந்தது. முகவரியை வைத்து வரிசை பிரித்தார்கள். சதுப்பு நிலத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிற கண்ணாடி அடுக்ககங்களுக்கு முதல் வரிசை. கால்வாய் ஓரக் குடிசைகளிலிருந்து பிடுங்கிக் கொண்டுவந்து நட்ட எங்கள் பிளாக்குகளுக்குக் கடைசி வரிசை. கடைசி வரிசைக்காரர்கள் எதை அனுப்பினாலும் அது அரை நொடி கைகட்டி நின்றுவிட்டுத்தான் கிளம்பும். கம்பெனி இதற்கு வைத்த பெயர் 'நெரிசல் ஒழுங்கு'. பெயர் வைப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை.

அரை நொடியில் என்ன குடி முழுகிப் போகிறது என்று நீங்கள் கேட்கலாம். திரையில் டீச்சர் கேள்வி கேட்பார். எங்கள் பிள்ளைகள் பதில் சொல்வதற்குள் அந்தப் பக்கத்துப் பிள்ளை சொல்லி முடித்திருக்கும். ஒரு வருடத்தில் டீச்சர் எங்கள் பிள்ளைகளைக் கேட்பதையே விட்டுவிடுவார். பி.காம். முடித்த நான் வேலைக்கு நேர்காணல் நேர்காணலாகப் போனேன். கேள்வி கேட்டது எந்திரம். ஒவ்வொரு முறையும் ஒரே குறிப்பை எழுதியது: 'மோனிஷா பதில் சொல்லத் தயங்குகிறார். நம்பகத்தன்மை குறைவு.' நான் தயங்கவே இல்லை. என் குரல்தான் சதுப்பு நிலத்தைத் தாண்ட நேரம் எடுத்துக்கொண்டது. கடைசியில் கண்ணாடி அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் பியூட்டி பார்லரில் புருவம் திருத்தும் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த வேலைக்கு நேரில் வந்து நின்றால் போதும்.

இதற்கு நடுவில் வந்ததுதான் 'அலைமேடை' என்ற விளையாட்டு. துறைமுகக் கம்பெனிகள் சேர்ந்து வெளியிட்டது. கொந்தளிக்கிற கடலில் ஒரு கப்பல் ஆடிக்கொண்டிருக்கும். கிரேனில் தொங்குகிற பெட்டியைச் சரியான கணத்தில் அதன் மேல் விட வேண்டும். மாதக் கடைசியில் முன்னணியில் வருகிறவர்களுக்கு வீட்டிலிருந்தே நிஜக் கிரேன்களை இயக்கும் வேலை. பரீட்சை இல்லை, சிபாரிசு இல்லை, சாதி கேட்பதில்லை என்று விளம்பரம் செய்தார்கள். எதற்குக் கேட்க வேண்டும், அதுதான் முகவரியிலேயே இருக்கிறதே.

ஊரே விளையாடியது. எங்கள் நகரிலிருந்து ஒருவர் பெயர்கூட முன்னணியில் வந்ததில்லை. 'அந்த ஜனங்களுக்குக் கை மந்தம்' என்று ஒரு பேச்சு கிளம்பியது. பார்லருக்கு வரும் அம்மாக்கள் என் கையில் முகத்தைக் கொடுத்துக்கொண்டே அதைச் சொல்வார்கள். என் கையில் அப்போது கத்தி இருக்கும். நானும் பொறுமையாகத்தான் இருந்தேன்.

என்னைவிட அதிகம் வலித்தது டில்லிபாபு அண்ணனுக்கு. ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், நாற்பதைத் தாண்டியவர், எங்கள் பிளாக்கின் கேரம் ராஜா. அவர் ஸ்ட்ரைக்கரைத் தட்டினால் காய் குழிக்கு வழி கேட்டுக்கொண்டு போகும். அலைமேடையிலும் எங்கள் பிளாக்குக்குள் அவர்தான் முதல். ஊர் வரிசையிலோ அவர் பெயரைத் தேடித் தேடி விரல் தேய்ந்துவிடும். கிரேன் வேலை கிடைத்தால் ஆட்டோவை விற்றுவிடலாம் என்று வெளியில் சொல்வார். உள்ளே இருந்தது வேறு. மந்தம் என்ற சொல்லை அவரால் செரிக்க முடியவில்லை.

அவரிடம்தான் முதலில் சொன்னேன். மாடிப்படிக்குக் கீழே கேரம் போர்டுக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தார்.

"பார்லர்ல புக்கிங் எடுக்க ஒரு போன் குடுத்துகிறாங்கண்ணா. அது அந்தப் பக்கத்து லைன். பின்பக்க ஜன்னல்ல வச்சா நம்ம மொட்ட மாடி நேரா தெரியுது."

"ஹாட்ஸ்பாட்டா? கம்பெனிக்காரன் மோப்பம் புடிச்சி ஒடனே கட் பண்ணுவான்."

"ஹாட்ஸ்பாட் இல்லண்ணா, ப்ராக்சி. நீ ரேஷன் கடைக்குப் போற. பிளாக்ல இருக்கிற எல்லார் கார்டும் உன் பையில இருக்குது. கடைக்காரன் கண்ணுக்கு வந்தது யாரு? நீ ஒருத்தன்தான். அந்த மாதிரி, நம்ம எல்லாருக்காகவும் பார்லர் போன் போய்க் கேக்கும். கம்பெனி கண்ணுக்கு ஒரே போன். பின்னால எத்தினி பேரு கீறாங்கன்னு தெரியாது."

"மாட்டிக்கினா?"

"என் வேலை போவும். போவட்டும். பெரிய கலெக்டர் வேலை பாரு."

அண்ணன் பவுடர் கையைத் தட்டினார். "டிஷ் ஒண்ணு வேணும். அத்த நான் பாத்துக்கறேன்."

யாரோ தூக்கிப்போட்ட டிடிஎச் டிஷ்ஷைக் கொண்டுவந்து மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் கட்டி, சதுப்பு நிலத்துக்கு மேலாகப் பார்லர் ஜன்னலைப் பார்க்கத் திருப்பினோம். ஞாயிற்றுக்கிழமை மதியம் பிளாக்கே மாடியில் கூடிவிட்டது. பிரியாணி செய்து கொண்டுவந்தவர்களும் உண்டு. போனில் சிக்னல் கோடு பச்சையானது. முதல் ஆட்டம் அண்ணனுக்கு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

கப்பல் ஆடியது. அண்ணன் பெட்டியை விட்டார். பெட்டி கடலில் விழுந்தது.

சிரித்தோம். இரண்டாவது பெட்டியும் கடலில் விழுந்தது. மூன்றாவது விழுந்தபோது யாரும் சிரிக்கவில்லை. போனைப் பிடுங்கி வேறு வேறு ஆட்கள் ஆடிப் பார்த்தார்கள். பெட்டிகள் ஒன்றன் பின் ஒன்றாகத் தண்ணீருக்குள் போயின. தாமதமே இல்லாத லைனில், எந்தச் சாக்கும் சொல்ல முடியாத லைனில், எங்களால் ஒரு பெட்டியைக்கூட வைக்க முடியவில்லை.

"அப்ப அவங்க சொல்றது நெஜந்தானா?" என்று கேட்டார் அண்ணன். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆத்திரத்தில்தான் வந்தது. அண்ணன் ஆடியதைத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன், நிறுத்தி நிறுத்தி. அப்போதுதான் புரிந்தது.

"அண்ணா, இங்க பாரு. நீ லேட்டா வுடல. முன்னாடியே வுட்டுக்கினு இருக்க. கப்பல் வர்றதுக்கு அரை நொடி முன்னாடி."

எல்லார் ஆட்டமும் அப்படித்தான் இருந்தது. வருடக்கணக்காகத் தாமதத்துக்குப் பின்னால் ஆடி ஆடி, கப்பல் இருக்கும் இடத்தைப் பார்த்து அல்ல, அது வரப்போகும் இடத்தைப் பார்த்தே எங்கள் கைகள் பெட்டியை விட்டுப் பழகியிருந்தன. யாரும் சொல்லிக்கொடுக்காமல், பழகியிருக்கிறோம் என்றே தெரியாமல். நேரான லைனில் அதே பழக்கம் எங்களைக் கவிழ்த்தது. இந்தத் தப்பைச் செய்ய இந்த ஊரில் எங்களால் மட்டும்தான் முடியும்.

"மந்தம் இல்லண்ணா. நாம முந்திக்கினு இருக்கோம்."

அன்றிலிருந்து மாடியில் ஒரே பயிற்சி. கையை அடக்க வேண்டும், வரட்டும் என்று விட வேண்டும். சின்ன வயசுக்காரர்களுக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. அண்ணனுக்கு மட்டும் வரவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஆடினார், இடது கையால் ஆடினார், மருதமலைக்கு வேண்டிக்கொண்டுகூட ஆடினார். கை முந்திக்கொண்டே இருந்தது. "பழைய நாயி, புது வித்தை எங்க ஏறப்போவுது" என்று தன்னையே திட்டிக்கொண்டு, டிஷ்ஷைக் காற்றில் திரும்பாமல் பார்த்துக்கொள்ளும் வேலையை எடுத்துக்கொண்டார்.

மாதக் கடைசியில் பட்டியல் வந்தது. முன்னணியில் எங்கள் பிளாக்கிலிருந்து ஒரு கூட்டமே இருந்தது. என் பெயரும் இருந்தது. அண்ணன் பட்டியலைக் கீழிருந்து மேல்வரை படித்தார். தன் பெயர் இல்லை என்று தெரிந்துதான் படித்தார். பிறகு பிளாக் முழுக்க ஜிலேபி வாங்கிக் கொடுத்தார்.

ஒருவர் பெயர் மட்டும் வந்திருந்தால் தப்பித்திருப்போம். ஒரு பியூட்டி பார்லரின் புக்கிங் போனிலிருந்து இத்தனை வீரர்கள் முளைத்தால் எந்த மடையனுக்கும் சந்தேகம் வரும். பட்டியல் நிறுத்தி வைக்கப்பட்டது. அடுத்த ஞாயிறு காலை, எங்கள் பிளாக் வாசலில் ஒரு கார் வந்து நின்றது.

இறங்கியவர் பெயர் நிரஞ்சன். இணையக் கம்பெனியில் ஏதோ பெரிய பொறுப்பு. போலீஸை அழைத்து வராமல் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாக வந்திருந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. லிஃப்ட் ஓடாததால் என்று நினைத்தேன்.

மாடியில் டிஷ்ஷுக்குப் பக்கத்திலேயே அவருக்கு நாற்காலி போட்டோம். ஒளிக்க என்ன இருக்கிறது. பார்லர் லைனையும் அவர்கள் இன்னும் வெட்டவில்லை.

"நீங்க செஞ்சது திருட்டு" என்று ஆரம்பித்தார். "உங்க லைன் மொத்தத்தையும் நிறுத்தலாம். பேர் வந்த எல்லார் மேலயும் கேஸ் போடலாம்."

"அரை நொடிய எடுத்துக்கினது யாரு சார்?" என்றேன். "அத்தப் பத்தியும் கேஸுல எழுதுங்க."

அவர் பெட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "ஆனா நான் அதுக்காக வரல. துறைமுகத்துக்காரங்ககிட்ட வாங்கி உங்க பழைய ஆட்டங்களப் பாத்தோம். உங்க லைன்ல ஆடினது, அந்த லைன்ல முதல் நாள் ஆடினது, ரெண்டையும். நீங்க எல்லாரும் நடக்கப்போறத முன்கூட்டியே கணிச்சு ஆடுறீங்க. எங்க இன்ஜினியர்ங்க ஒருத்தராலயும் இது முடியல. டில்லிபாபுங்கறது யாரு?"

அண்ணன் டிஷ்ஷிலிருந்து கையை எடுத்தார்.

"உங்க கை மாதிரி நாங்க பாத்ததே இல்ல" என்றார் நிரஞ்சன்.

இத்தனை வருடமாக அந்த மனிதர் கேட்க ஏங்கிய சொல் அது. அதை இப்படி ஒருவர் வாயிலிருந்து கேட்க வேண்டியதாயிற்று.

நிரஞ்சன் விளக்கினார். நிலவிலும் அவர்கள் கம்பெனிக்குத் தோண்டும் எந்திரங்கள் இருக்கின்றன. இங்கிருந்து ஒரு கட்டளை போய், அதன் விளைவு படமாகத் திரும்பி வர இரண்டரை நொடிக்கும் மேல் ஆகும். ஒளிக்கே அவ்வளவு நேரம் பிடிப்பதால் எந்தக் கம்பெனியாலும் அதைக் குறைக்க முடியாது. எந்திரங்களுக்குச் சொந்த மூளை உண்டு. தூசி கண்ணை மறைத்துவிட்டால் அது குருடு. அப்போது மனிதக் கைதான் ஓட்ட வேண்டும். வேகமான லைனிலேயே வளர்ந்த கைகளால் அது முடியவில்லை.

"உங்க பிளாக்குக்கே வேலை. நல்ல சம்பளம், எல்லாருக்கும். கேஸ் கிடையாது."

"பதிலுக்கு?" என்று கேட்டேன்.

"இந்த ப்ராக்சிய எடுத்துடணும். உங்க லைன் இப்ப இருக்கிற மாதிரியே இருக்கும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா தாமதத்த ரெண்டரை நொடி வரைக்கும் கூட்டுவோம். வேகமான லைன்ல பழகினா இந்தத் திறமை போயிடுதுன்னு நீங்களே காட்டிட்டீங்க."

"அண்ணன் கை இப்பவே ரெடியாத்தான கீது. அப்புறம் இன்னாத்துக்குக் கூட்டணும்?"

அவர் தரையைப் பார்த்தார். "உங்களுக்கு அப்புறமும் ஆள் வேணுமே. சின்னதுலேருந்தே பழகினாத்தான் வரும்."

பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, நேர்காணல் எல்லாமே இரண்டரை நொடிக்குப் பின்னால். திரையில் டாக்டரிடம் 'குழந்தை மூச்சு விடல' என்று சொன்னால் அது போய்ச் சேர்வதற்குள் அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பார். எங்கள் பிள்ளைகளை நாற்றங்கால் போட்டு வளர்க்கப் பார்க்கிறார்கள். எனக்கு வாயில் வந்ததையெல்லாம் இங்கே அச்சில் எழுத முடியாது. அண்ணன் கையைக் காட்டி என்னை அடக்கினார்.

"மோனி, சும்மா இரு. சார், அந்த எந்திரத்த நான் ஒரு தபா ஓட்டிப் பாக்கலாமா?"

எனக்குப் பகீரென்றது. நிரஞ்சனோ காத்திருந்தவர்போல் பெட்டியைத் திறந்து, சொந்த ஆன்டெனாவோடு இருந்த ஒரு பெரிய டேப்லெட்டை எடுத்தார். "டெஸ்டுக்காகத்தான் கொண்டுவந்தேன். இது ஒரு மாதிரிப் பயிற்சி, விளையாட்டு மாதிரி. பள்ளத்து ஓரத்துல எந்திரம் சாஞ்சு நிக்குது. அடியில மண்ணு சரிஞ்சுகிட்டே இருக்கு. நகத்திட்டு நின்னு பாக்கற கதை அங்க நடக்காது. மேல கொண்டுவரணும்."

அண்ணன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முதலில் எந்திரத்தின் கேமராவை மட்டும் இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தார். எவ்வளவு நேரம் கழித்துப் படம் அசைகிறது என்று அளக்கிறார் என்று எங்களுக்குத் தெரிந்தது. புது கேரம் போர்டு என்றாலும் முதலில் ஸ்ட்ரைக்கரைச் சும்மா ஓடவிட்டுத்தான் பார்ப்பார்.

"அரை நொடி தெரிஞ்சவனுக்கு இது ஒண்ணும் பெரிசில்ல" என்று முனகிவிட்டு ஓட்டினார்.

சாம்பல் நிற மண் சரிந்தது. சரிவதற்கு முன்பே அவர் சக்கரத்தை மறுபக்கம் திருப்பியிருந்தார். எந்திரம் வழுக்கியது. வழுக்குவதற்கு முன்பே அதன் கையை நீட்டி ஊன்றியிருந்தார். திரையில் நடப்பதற்கும் அவர் விரலுக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் இருந்தது. கொஞ்சம் கழித்துப் பார்த்தால் எல்லாம் பொருந்திப் போனது. அந்தக் கையைத்தான் ஊரே மந்தம் என்றது.

நிரஞ்சன் டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டே சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டிருந்தார். ஒரு விளையாட்டைப் பார்த்து யாரும் இப்படி நடுங்க மாட்டார்கள். நான் திரையை நன்றாகப் பார்த்தேன். மேலே மூலையில் ஸ்கோர் இல்லை. எத்தனையாவது முயற்சி என்று இல்லை. நிறுத்து, மறுபடி தொடங்கு என்ற பொத்தான்கள் இல்லை. நான் பார்த்த எந்த விளையாட்டிலும் இந்த மூன்றும் இல்லாமல் இருந்ததில்லை.

அண்ணனின் காதருகே குனிந்தேன். "அண்ணா, இது ஆட்டமே இல்ல. நெஜம்."

"தெரியும்" என்றார் தலை நிமிராமல். "தோத்தா திரும்ப ஆடலாம்னு அந்தாளு ஒரு வார்த்தை சொன்னாரா பாரு."

சரிவின் பாதியில் ஒரு பாறை நீட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் எந்திரத்தை அதன்மேல் ஏற்றி, கையை ஊன்றி நிறுத்தினார். பிறகு டேப்லெட்டை எடுத்து நிரஞ்சன் மடியில் வைத்தார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"பாதி மேல வந்தாச்சு சார். மீதிய நீங்க ஓட்டுங்க."

நிரஞ்சன் முகம் வெளிறியது. "விளையாடாதீங்க டில்லிபாபு."

"விளையாட்டுன்னு நீங்கதான சொன்னீங்க."

"அங்க சீக்கிரம் இருட்டிடும். இருட்டினா ரெண்டு வாரம் வெயில் கிடையாது, பேட்டரி செத்துடும். அது என்ன மெஷின்னு தெரியுமா உங்களுக்கு? எங்க மொத்த திட்டமும் அதுலதான் நிக்குது."

"பாறை மேல வச்சிருக்கேன். நிக்கும். எவ்ளோ நேரம் நிக்கும்னு எனக்குத் தெரியாது" என்றார் அண்ணன். "நான் ஓட்றேன் சார். இன்னிக்கும் ஓட்றேன், நாளைக்கும் ஓட்றேன். இந்தக் கைய உங்க லைன்தான் செஞ்சிச்சு. செரி, செஞ்சது செஞ்சிட்டீங்க. ஆனா எங்க புள்ளைங்க கைய செய்யறதுக்கு நீங்க யாரு? தாமதத்த எடு. இந்த நகருக்கு மட்டும் இல்ல, கடைசி வரிசைன்னு எங்கல்லாம் வச்சிருக்கியோ, எல்லா எடத்துலயும். எழுத்துல குடு. அப்புறம் மீதி பாதி."

சொல்லிவிட்டு டீ கேட்டார். மூன்றாம் மாடிக் கஸ்தூரி அக்கா டீ போடப் போனாள். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இவ்வளவு நாள் கழித்துக் கிடைத்த ஒரே வாய்ப்பை அவர் பாறை மேல் நிறுத்தியிருந்தார். கம்பெனி முடியாது என்றால் அவர் திரும்ப ஷேர் ஆட்டோதான்.

நிரஞ்சன் ஒரு முறை தானே முயன்று பார்த்தார். எந்திரத்தின் கையை ஒரு துளி அசைத்தார். எதுவும் நடக்கவில்லை என்று இன்னும் ஒரு துளி. இரண்டும் சேர்ந்து திரையில் வந்தபோது எந்திரம் பாறையில் ஆடியது. அவர் நெருப்பைத் தொட்டவர்போல் விரலை எடுத்துவிட்டார்.

பிறகு போனை எடுத்து மேலதிகாரியைக் கூப்பிட்டார். எங்கள் மாடியிலிருந்து, எங்கள் நகரின் லைனில்.

"சார், அவங்க கேக்கறது..." என்று இவர் தொடங்கும்போது அந்தக் குரலும் தொடங்கியது. இவர் நிறுத்தினார், அவரும் நிறுத்தினார். இருவரும் மறுபடி ஒன்றாகத் தொடங்கினார்கள். "நிரஞ்சன், ஏன் தயங்கறீங்க? எதையாவது மறைக்கறீங்களா?" என்று கத்தியது அந்தக் குரல். "இல்ல சார், நான் தயங்கல" என்றார் நிரஞ்சன். அதுவும் அரை நொடி கழித்துத்தான் போய்ச் சேர்ந்திருக்கும்.

அந்த மனிதரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. கொஞ்சம்தான்.

"ப்ராக்சி பாஸ்வேர்டு தரட்டுமா சார்?" என்றேன்.

என்னைப் பார்த்தார், டிஷ்ஷைப் பார்த்தார், டேப்லெட்டில் பாறைமேல் நின்ற எந்திரத்தைப் பார்த்தார். போனை என்னிடம் நீட்டினார். நான் இரண்டு தட்டில் சேர்த்துவிட்டேன். கம்பெனியின் கண்ணுக்கு அந்த நிமிடத்திலிருந்து அவரும் பார்லர் போனுக்குப் பின்னால் நிற்கிற முகம் தெரியாத ஆட்களில் ஒருவர்.

இரண்டாவது முறை அவர் நிறுத்தாமல் பேசினார். கேட்டதையெல்லாம் அப்படியே சொன்னார். எழுத்தில் வேண்டும் என்பதையும் விடவில்லை.

"இப்ப நல்லா கேக்குதே" என்றது அந்தக் குரல். "எந்த லைன்ல இருக்கீங்க?"

நிரஞ்சன் எங்கள் எல்லார் முகத்தையும் ஒரு முறை பார்த்தார். "இவங்க லைன்ல சார்" என்றார்.

அந்தப் பக்கம் பேச்சில்லை. அது தாமதம் அல்ல, எங்கள் லைனில் தாமதம் கிடையாது. ஒரு பெரிய மனிதர் யோசிக்கிறார், அவ்வளவுதான். நாங்கள் காத்திருந்தோம்.

"போன அவர்கிட்ட குடுங்க" என்றது குரல்.

டில்லிபாபு அண்ணன் டீ டம்ளரைக் கீழே வைத்தார். நிரஞ்சன் போனை நீட்டுவதற்கு முன்பே அவர் கை அங்கே இருந்தது.